சாஷிகோ தையல்: நூல் தொடாத இடங்கள்

ஜப்பானியக் கைத்தையலான சாஷிகோவில், நட்சத்திரம் போல விரியும் அசனோஹா வடிவத்தை முடித்துவிட்டேன். கருநீலப் பருத்தித் துணி, தடித்த வெள்ளை நூல். தையல் என்னவோ நாம் அறிந்த ஓட்டுத் தையல்தான். மேலே தெரியும் தையல் மூன்று பங்கு என்றால், அடியில் மறைவது இரண்டு பங்கு. ஐந்தாறு தையல்களை ஊசியிலேயே கோத்துக்கொண்டு, நூலை இழுத்ததும் துணியை விரலால் நீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் துணி சுருங்கிக்கொள்ளும்.

கை இதற்கு விரைவில் பழகிவிடுகிறது. கவனம் முழுவதையும் கேட்பது கோடுகள் கூடும் நடுப்புள்ளி. அங்கே நூல்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. எல்லாத் தையல்களும் சற்று முன்னதாகவே நின்றுவிட்டால், நடுவில் துணியின் நீலம் சிறு பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டு சரியாக விழ, ஒவ்வொரு கோட்டையும் அளந்து, முனையில் இடைவெளி வரும்படி தையலைப் பங்கிட்டுக்கொள்கிறேன்.

தைக்கும்போது ஜப்பானிய இசையமைப்பாளர் டோரு டகேமிட்சுவின் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' கேட்டேன். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1967இல் அரங்கேற்றிய படைப்பு. பிற்பகுதியில் இசைக்குழு முழுவதும் ஓய்ந்து, பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவியும் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலும் மட்டும் நெடுநேரம் ஒலிக்கின்றன. பிவாவின் நரம்பில் ஒரு வீச்சு. பிறகு அதன் ரீங்காரம். தம்புராவில் ஜீவாளி நூல் வைத்ததும் எழுமே, அதே இனம். ஒரு ஒலி தேய்வதையும் நின்று கேட்க வைக்கிறார் டகேமிட்சு. அந்த மௌனத்தை வெட்டிவிட்டால் இசையே குலைந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஜப்பானிய ஓவியர் ஹசேகவா தோஹாகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த பைன் மரத் திரைகளையும் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு மடிப்புகள் கொண்ட இரு திரைகள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அருகில் பார்த்தால் ஊசியிலைகள் மூர்க்கமான மைக்கீற்றுகள்தான். தள்ளிப் பார்த்தால் மரங்கள் எழுகின்றன, வெறும் தாள் மூடுபனியாகிவிடுகிறது. அந்தப் பனிக்கு அவர் தனியாக எதையும் தீட்டவில்லை. சுற்றியுள்ள மரங்களின் மை அடர்ந்தும் வெளிறியும் நிற்கும் விதமே அதை உண்டாக்கிவிடுகிறது. என் நீலப் பொட்டும் அப்படித்தான் பிறக்கிறது.

அடுத்து கோகின். வட ஜப்பானில் உள்ள அவோமோரியின் சுகாரு பகுதித் தையல். எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டுகள்) அங்கே உழவர்கள் பருத்தித் துணி உடுத்தத் தடை இருந்தது. குளிர் உள்ளே புகாமலிருக்க, சணல் துணியின் நெசவு இடைவெளிகளைப் பருத்தி நூலால் அடைத்தார்கள். ஒற்றைப்படையில் இழைகளை எண்ணித் தைப்பது இதன் முறை. எண்ணுவதற்கு வாகான, இழை தெரியும் முரட்டுத் துணி தேடிக்கொண்டிருக்கிறேன். கதர்க் கடையில் கிடைத்தால் அதிலேயே தொடங்கிவிடுவேன்.