மணிலாவில் கை மாறும் சில்லறை

மணிலா என்று நாம் சொல்வது இரண்டு ஊர். ஒன்று மெட்ரோ மணிலா: 16 நகரங்களும் பதெரோஸ் என்ற சின்ன ஊரும் சேர்ந்தது, 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1.35 கோடிப் பேர். இன்னொன்று அதற்குள்ளே இருக்கும் மணிலா நகரம், பிலிப்பைன்ஸின் தலைநகர். ஏறக்குறைய 43 சதுர கிலோமீட்டரில் 18 லட்சத்துக்கும் மேலானவர்கள். கணக்குப் போட்டால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 43,000 பேர் வரும். மகாத்தி பக்கம் கண்ணாடிக் கட்டடங்களும் மால்களும் நிறைய இருக்கின்றன, நேரம் மிச்சம் இருந்தால் பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் குறையில்லை.

இந்த நெரிசல் எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஜீப்னியில் ஏற வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிப் பெஞ்சு போட்டு ஆரம்பித்த வண்டி. பின்பக்கமாகக் குனிந்து ஏறி, எதிரெதிர் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். பெரும்பாலும் கண்டக்டர் கிடையாது. "பாயாத் போ" என்று சொல்லிக் காசை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கிறார், அப்படியே டிரைவர் வரை போய், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது. டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் கணக்கு. நம்மூர் டவுன் பஸ்ஸிலும் டிக்கெட் கை மாறும்தான், ஆனால் இங்கே தூங்கிக்கொண்டிருப்பவர்கூட கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி வாங்குகிறார்! இறங்க "பாரா போ" என்றால் போதும், நடுரோட்டிலும் நிற்கும்.

காலையில் தாஹோ விற்பவர் வருவார். தோளில் கம்பு, இரண்டு முனையிலும் அலுமினிய வாளி. ஒன்றில் சுடச்சுட மென்மையான டோஃபு, இன்னொன்றில் வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். டம்ளரில் ஊற்றி நின்றபடியே குடிக்கலாம், சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் கிடைக்கும் பெரிய நிம்மதி இதுதான்.

அப்புறம் இன்ட்ராமுரோஸ், ஸ்பானியர்கள் கட்டிய மதில் நகரம். 1945 போரில் உள்ளே அநேகமாக எல்லாமே தரைமட்டமாக, 1607இல் கட்டி முடித்த சான் அகுஸ்தின் தேவாலயம் மட்டும் தப்பியது. மேற்கூரையைப் பாருங்கள், செதுக்கிய சிற்பம் மாதிரித் தெரிவதெல்லாம் தட்டையான ஓவியம். இதே தேவாலயத்தை 1762இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்தது, அந்தப் படை கிளம்பியது நம் மதராஸிலிருந்து! கூட வந்த சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தாவில் குடியேறிவிட்டார்கள்.

பாசிக் ஆற்றைத் தாண்டினால் 1594இல் உருவான பினோந்தோ, உலகின் மிகப் பழைய சைனா டவுன் என்கிறார்கள். பசியோடு போங்கள். சாலையில் கார் எடுக்காதீர்கள், எல்ஆர்டி ரயிலில் போங்கள். 1984இலிருந்து ஓடுகிறது, கூட்டம் நெரிக்கும்தான், ஆனாலும் டாக்ஸியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சிக்னலில் உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.