பதினாறு அங்குலத்துக்கு ஒன்று

பெப்ரவரி 6, 2024, செவ்வாய்

தச்சர் சங்கத்தில் தொழில் பழகச் சேர விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம். ஒன்று எங்கள் சுப்பர்வைசர் எழுதியது. “கார்பென்டரா? நீயா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினான். நல்லவன்தான்.

பெப்ரவரி 7

போன் வரவில்லை. ஒருநாள்தானே ஆகிறது.

பெப்ரவரி 8

வரவில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. கட்டிலுக்குக் கீழே கிடந்த அளவுநாடாவைக் கண்டுவிட்டார்.

“எத்தினை வருசம் பிள்ளை?”

7,200 மணிநேரம் என்றேன். வாரம் நாற்பது வீதம் போட்டால் 180 வாரம், மூன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. பனிக்காலத்தில் வேலை படுக்கும், ஆகவே நாலு என்றே வைக்கலாம். இடையில் மூன்று தடவை எட்டெட்டு வாரம் வகுப்பு. கடைசியில் சோதனை, எழுபது வீதம் எடுக்கவேண்டும்.

“நாலு வருசம் படிச்சால் ஒரு டிகிரி வருமே.”

இது சம்பளத்தோடு படிக்கிறது அம்மா என்றேன். அந்த வேலை, அந்த வேலை என்று மூன்று தடவை சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

அப்பா ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்கு மேலே அவரே மாட்டிய சாமித்தட்டு. இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமையே மாட்டினார். இடப்பக்கம் சாய்வு. பிள்ளையார் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்து விளிம்புக்கு வருவார், அம்மா திருப்பி நடுவில் வைப்பார். ஏழு வருடமாக நடக்கிறது.

பெப்ரவரி 14

மின்னஞ்சல்! 27ஆம் திகதி எழுத்துப் பரீட்சை. கணக்கும் வாசிப்பும். கல்குலேட்டர் கிடையாது.

பெப்ரவரி 17, சனி

இரவு வேலை முடிந்து வந்து நித்திரை வரவில்லை. பின்னம் செய்தேன். மீற்றரில் படித்த பிள்ளைக்கு இது என்ன தண்டனை! 5 3/8ஐயும் 2 11/16ஐயும் கூட்டு. மூன்று தடவை மூன்று விடை. நாலாவது தடவை 8 1/16. இனி அது மறக்காது, யார் கேட்டாலும் சொல்வேன், யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டுக்கு நாலு என்று விற்கிற மரம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை. சீவிக் காயவைத்த பிறகு மிஞ்சுவது அதுதான், ஆனால் பெயர் அப்படியே நிற்கிறது.

நாடாவில் 16 அங்குலத்துக்கு ஒருதடவை சிவப்புக் குறி. சுவருக்குள் நிற்கிற சட்டங்களுக்கு, அதாவது ஸ்டட்களுக்கு, அந்த இடைவெளி. 19.2இல் ஒரு சின்னக் கறுப்பு வைரக்குறி இருக்கிறது. அது எதற்கென்று இரண்டு நாள் மண்டையைப் போட்டுடைத்தேன். எட்டடிப் பலகையை ஐந்தாகப் பிரித்தால் 19.2. அவ்வளவுதான். கண்டுபிடித்தபோது குளியலறையில் தனியாகச் சிரித்தேன்.

பெப்ரவரி 27, செவ்வாய்

பரீட்சை டொரன்டோவுக்கு வடக்கே, வாகன் நகரில். ஒரு பஸ், கெனடியில் சப்வே, சென் ஜோர்ஜில் மாறி வாகன் வரை, அங்கிருந்து இன்னொரு பஸ், யோர்க் பிரதேசத்துடையது. இரண்டு மணிநேரம். நேற்றிலிருந்துதான் யோர்க் பஸ்ஸுக்கு இரண்டாவது காசு கேட்பதில்லை. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பது பேர் அளவில் இருந்தோம். பெண்கள் மூன்று பேர். எனக்கு முன்னால் இருந்த பெடியன் முழங்கால் வரை சீமெந்துத் தூசியோடு நேரே வேலையிலிருந்து வந்திருந்தான். அவனைக் கண்டதும் என் துவைத்த ஜீன்ஸுக்கு வெட்கமாகிவிட்டது.

கணக்கு பரவாயில்லை. இருபது அடி நீளச் சுவர், 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட், மொத்தம் எத்தனை? 240ஐ 16ஆல் வகுத்தேன். 15. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது, சப்வே நிலத்துக்கு மேலே வந்த இடத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலி ஓடியது. அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. வேலிக்குத் தொடக்கத்திலும் ஒரு கம்பம் இருக்கும். 16.

பெப்ரவரி 28

பதினாறு.

பெப்ரவரி 29

நாலு வருடத்துக்கு ஒருதடவை வருகிற நாள், அதையும் கோவா, அதாவது முட்டைக்கோஸ், பெட்டிகளோடு குளிரூட்டிக்குள் கழித்தேன். ஒரு தட்டில் ஐந்து வரிசை. வரிசைக்கு இடையில் நாலு இடைவெளி. எதைப் பார்த்தாலும் ஒன்று கூட்டிப் பார்க்கிறேன்.

மார்ச் 5

பாரிஸ் சித்தியோடு அம்மா போனில் கதைத்தது காதில் விழுந்தது. “அவள் கட்டட எஞ்சினியரிங் சம்பந்தமா ஏதோ செய்யப்போறாள்.” ஏதோ!

ஊர் வீட்டுக் கூரையைப் போட்ட ஓடாவியை, அதாவது தச்சரை, எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. காதில் பென்சில், பீடி, கொட்டாப்புளியால் உளியைத் தட்டும் சத்தம். வேலைக்கு உள்ளே வருவார், சாப்பாட்டுக்கு விறாந்தை. அப்பம்மா ஒருநாளும் அவரை உள்ளே இருந்து சாப்பிடச் சொன்னதில்லை. அந்தக் கூரை ஷெல் விழும்வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று அதே அப்பம்மாதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்தலாமா என்று யோசித்தேன். வேண்டாம். சண்டை பிடிக்க நித்திரை காணாது.

மார்ச் 10

மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளியாகிவிட்டது. காத்திருப்பதில் ஒரு மணிநேரம் லாபம்.

மார்ச் 12

பாஸ்!! 21ஆம் திகதி நேர்முகம். 15 என்று எழுதியும் பாஸ்.

மார்ச் 16, சனி

இரும்பு முனை பூட்ஸ் வாங்கினேன். பச்சை முக்கோணம் இருக்கவேண்டும், கணுக்காலுக்கு மேலே வரவேண்டும். பெண்களுக்கான பகுதியில் இரண்டே சோடி, இரண்டும் பெரிது. ஆண்பிள்ளைகளின் அளவில் தேடு என்றார் கடைக்காரர். கிடைத்தது. நேர்முகத்துக்கு முன்பே வாங்கியது பிழையோ? பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், அளவுநாடா கண்டுபிடிபட்ட அதே இடம்தான். வேறு இடம் இந்த வீட்டில் இல்லை.

மார்ச் 20

இரவு முழுக்க மனப்பாடம். சங்கம் தொடங்கியது 1881, சிகாகோ, பீட்டர் மக்கயர். மூலை சதுரமா என்று சரிபார்க்க 3, 4, 5 முக்கோணம். ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே.

மார்ச் 21, வியாழன்

மக்கயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு பெண், விரல்கள் கட்டை கட்டையாக, ஒரு நகம் கறுப்பு. அவரைத்தான் பார்த்துக் கதைத்தேன். காலை ஐந்தரைக்கு ஹமில்டனில் நிற்கச் சொன்னால் எப்படி வருவாய்? அப்பாவின் கார் என்றேன். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. இரண்டு கிழமை வெறுமனே கூட்டிப் பெருக்கச் சொன்னால்? நான் இப்போது எட்டு மணிநேரம் குளிருக்குள் கோவா தூக்குகிறேன், கூட்டுவது ஓய்வு மாதிரி இருக்கும் என்றேன். அவர் சிரித்தார். மற்ற இருவரும் எழுதினார்கள். என்ன எழுதினார்கள்?

குடும்பத்தில் யாராவது இந்தத் தொழிலில் இருக்கிறார்களா?

இல்லை என்றேன்.

மார்ச் 22

இல்லை என்று ஏன் சொன்னேன். உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்தியிருக்கவேண்டாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அமெரிக்கா வரை போனது, 1938இல் குளொஸ்டர் துறைமுகத்துக்கு, எங்கள் மாலுமிகளோடு, என்று சொல்லியிருக்கலாம். அன்னபூரணி. அதைக் கட்டியதும் ஓடாவிமார்தான். என் குடும்பம் இல்லை. என் குடும்பம் விறாந்தையில் சோறு போட்ட குடும்பம். அதையா சொல்வது? நல்ல காலம், வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 24

கார் கேட்டேன். “ஐந்தரைக்கோ?” என்றார் அப்பா. அப்புறம், “எண்ணெய் நீ அடி.” அவ்வளவுதான்.

மார்ச் 30, சனி

உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி. என் காசில். என்னை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இருக்கட்டும், மூன்று வருடம் செல்லும். மூன்று மீற்றருக்கு மேலே கட்டாயம் கட்டிக்கொள்ளவேண்டும். இருந்ததில் சின்ன பெல்ட்டே எனக்குத் தொளதொள. கடைசித் துளை வரை இழுத்துக் கட்டிவிட்டுத் தொங்கச் சொன்னார்கள். தொங்கினேன். தொடை இரண்டும் கன்றிவிட்டன, அம்மாவுக்குத் தெரியாது.

ஏப்ரல் 3

வரவில்லை.

ஏப்ரல் 5

யாரோ, வாகன் பக்கத்து 905இல் தொடங்கும் நம்பரிலிருந்து. ஓடிப்போய் எடுத்தேன். புகைபோக்கி துப்புரவு செய்யவேண்டுமா என்று கேட்டான். நாங்கள் இருப்பது பேஸ்மென்டில் ஐயா.

ஏப்ரல் 8, திங்கள்

கிரகணம். அம்மா மத்தியானமே அடுப்பை மூடிவிட்டார். நயாகராப் பக்கம் முழுதாக மறையுமாம், இங்கே ஒரு நூல் மிச்சம். எல்லாம் முகில், ஒன்றும் தெரியவில்லை. மூன்றேகாலுக்கு மட்டும் யாரோ விளக்கைக் குறைத்த மாதிரி இருண்டது, தெருவிளக்குகள் எரிந்தன, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் திரும்பியதும், “போய்த் தோய்ஞ்சிட்டு வா” என்றார். அப்புறம், நான் படியிறங்கும்போது: “அந்தப் பூட்ஸ் காலுக்கு அளவோ?”

ஏப்ரல் 13, சனி

நாளைக்கு வருடப்பிறப்பு என்று அம்மா வீடு கழுவினார். சாமித்தட்டில் இருந்ததை எல்லாம் இறக்கிக் கட்டிலில் வைத்ததும் அப்பாவிடம் கேட்டேன், கழற்றட்டா? தோளைக் குலுக்கினார்.

ஆணிகள் எல்லாம் ஸ்டட்டில் படாமல் வெறும் டிரைவோலில், மேலே அடித்த அட்டையில், நின்றிருக்கின்றன. ஏழு வருடம் எப்படித்தான் தாங்கியதோ! விரலால் தட்டித் தட்டிப் போனேன். பொள், பொள், பொள், திண். அங்கிருந்து 16 அளந்து தட்டினேன். திண். அதற்கடுத்த 16இலும் திண். மூன்று இடத்திலும் திருகாணி இறங்கியது, கை நடுங்கும் அளவுக்கு இறுக்கம். ரசமட்டம் வைத்தேன், குமிழி நடுவில் நின்றது. அப்பா எழும்பி வந்து கையால் ஒருதடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் இருந்தார்.

அம்மா பிள்ளையாரை வைத்தார். பழக்கத்தில் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி.

ஏப்ரல் 15, திங்கள்

வாகன் சங்க நம்பர். கையில் சவர்க்காரம், எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பி அடித்தால் மதிய இடைவேளை, ஒன்றரைக்குப் பிறகு எடுக்கவும் என்கிறது பதிவுக் குரல். இப்போது பன்னிரண்டே முக்கால்.