பார்த்துச் செய்யுங்க

மூன்றே சொல். "விதிப்படி பார்த்துச் செய்யுங்க." நகராட்சித் தலைவர் காரில் ஏறிக்கொண்டே சொன்னது. 'விதிப்படி' என்றால் ஒன்று, 'பார்த்து' என்றால் வேறொன்று என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்?

அவருடைய தங்கை வீட்டார் தங்கள் கடைக்காக மழைநீர் வாய்க்கால் மேல் சிலாப் போட்டுப் படி கட்டியிருந்தார்கள். ஐப்பசி மழையில் பின்தெருவில் ஓர் அம்மாவின் வீட்டுக்குள் தண்ணீர். இரண்டு முறை மனு கொடுத்துவிட்டார். நோட்டீஸுக்குக் கோப்பு வைக்க வேண்டியவன் நான். "ஐயா, அந்த வாய்க்கால் மனு..." என்று இழுத்தேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அன்றைக்கு அவர் நல்லிணக்க விழாவில் பேசிவிட்டு வந்திருந்தார். பேச்சை எழுதியது நான். (தமிழ் நன்றாக வரும் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் தப்பிக்க முடியாது.) 717 முதல் 720 வரை ஆண்ட கலீபா உமர் பின் அப்துல் அஸீஸ், பேச்சு சொந்த விஷயத்துக்குத் திரும்பியதும் அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டார் என்று வழங்கும் கதையை வைத்திருந்தேன். அடுத்து மனுநீதிச் சோழன். நல்ல கைதட்டல்.

மனுநீதிக் கதையில் மந்திரியை மட்டும் விட்டுவிட்டேன். பேச்சு நீண்டுவிடும் என்றுதான். பெரிய புராணத்தில், கன்றைக் கொன்றதற்குப் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். அது பசுவின் துயரத்துக்கு மருந்தாகுமா என்று கேட்டு மறுக்கிறான் மன்னன். அதுவரை சரி. ஆனால் மகன்மேல் தேரை ஓட்டும்படி முதலில் ஒரு மந்திரியிடம்தான் சொல்கிறான். அவனால் முடியவில்லை. விலகிப் போய் உயிரை விடுகிறான். மன்னன் தானே தேரில் ஏறுவது அதற்குப் பிறகுதான். கடைசியில் ஈசன் அருளால் எல்லோரும் எழுந்து விடுகிறார்கள், அது வேறு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மன்னனுக்குச் சிலை இருக்கிறது. மந்திரியைச் சேக்கிழார் 'ஒரு மந்திரி' என்பதோடு விட்டுவிடுகிறார்.

என்னை அந்த மந்திரியோடு ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு கொழுப்பு இல்லை. அவன் செய்ய மாட்டேன் என்றாவது காட்டினான். நான் கோப்பில் இப்படி எழுதினேன்: 'அத்தெருவில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் அளவிட்ட பின் ஒட்டுமொத்தமாக நடவடிக்கை எடுக்கலாம்.' படிக்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இப்படி எழுதிய கோப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னும் பதினான்கு கடைகள் அதையேதான் செய்திருந்தன என்பதும் உண்மை. தலைவரின் தங்கை என்பதாலேயே ஒரு கடையை மட்டும் இடிப்பதும் முறையா? குறளில் செங்கோன்மை அதிகாரம் கண்ணோடாமல், அதாவது தயவு தாட்சண்யம் பார்க்காமல், தேர்ந்து செய் என்கிறது. மூன்று அதிகாரம் தள்ளிக் கண்ணோட்டத்துக்கே பத்துக் குறள். இரண்டும் ஆள்பவனுக்குச் சொன்னவை. குமாஸ்தா எதை எடுத்துக்கொள்வது? யோசித்தால், 'தேர்ந்து செய்' என்பதும் 'பார்த்துச் செய்' என்பதும் ஏறக்குறைய ஒரே சொல்தான்.

ஒருவேளை அவர் நிஜமாகவே விதிப்படி என்றுதான் சொன்னாரோ? மேடையில் சொன்னது அப்போதும் மனதில் இருந்திருக்கலாம். மறுநாள் போய், "ஐயா, நோட்டீஸ் அனுப்பவா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நானும் ஒன்றைச் செய்தாக வேண்டும். அந்தப் 'பார்த்து' எனக்கும் வசதியாக இருந்தது.

கார்த்திகையில் அந்த அம்மா மூன்றாவது மனுவோடு வந்தார். முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன். "இதைப் பத்திரமா வச்சுக்கோங்கம்மா" என்றேன். முந்தைய இரண்டையும் பையிலிருந்து எடுத்து அதோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.