ஐந்து சென் வித்தியாசம்

பினாங்கில் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் நிறுவிப் பராமரிக்கும் வேலையிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. ஒரு மென்பொருள் நன்றாக இருப்பதில் அதை எழுதியவர்களுக்கு எவ்வளவு பங்குண்டோ, அதன் குறையை ஒழுங்காக எடுத்துச் சொல்லும் பயனருக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்குண்டு என்பது இத்தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம்.

2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகச் செலுத்தும் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்) சரிசெய்யும் முறை மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. ரசீதின் மொத்தத் தொகைக்குத்தான் இவ்விதி. தனித்தனிப் பொருளின் விலைக்கு அன்று. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மென்பொருள் பொருளுக்குப் பொருள் சரிசெய்தது. 2 வெள்ளி 33 சென் விலையுள்ள சாமான் மூன்று வாங்கினால் மொத்தம் 6 வெள்ளி 99 சென். வாடிக்கையாளர் 7 வெள்ளி கொடுத்தால் போதும். அந்த மென்பொருள் ஒவ்வொன்றையும் 2 வெள்ளி 35 சென் ஆக்கி, 7 வெள்ளி 5 சென் கேட்டது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் இருந்த அக்காதான் இதைக் கண்டுபிடித்தார். "தம்பி, ஒண்ணு வாங்குனா சரியா வருது, அதையே மூணு வாங்குனா அஞ்சு காசு கூட வருது" என்று சொல்லி, இரண்டு ரசீதுகளையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தார். எப்போது சரியாக வருகிறது, எப்போது தவறுகிறது, அதற்குச் சான்று என்ன என்ற மூன்றும் அதில் இருந்தன. தயாரித்தவர்களுக்கு அனுப்பியதும், மறுகேள்வி இல்லாமல் திருத்தம் வந்தது.

இன்று என் கைப்பேசிக்கு வரும் புகார்கள் வேறு ரகம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கோபப் பொம்மையோடு "சிஸ்டம் குப்பை" என்று ஒரு வரி விழும். அதன் கீழே பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். எந்தத் திரையில், என்ன செய்தபோது என்று கேட்டால் பதில் வராது. செயலிக் கடையில் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போவதும் இவ்வகையே. ஆத்திரம் நியாயமானதுதான், அதை வைத்துக்கொண்டு எந்த நிரலரும் எதையும் திருத்த முடியாது.

தயாரிப்பவர்களையும் நான் விட்டுவிடவில்லை. இணையத்தின் வழி எப்போது வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்ற வசதி வந்த பிறகு, அரைவேக்காடாக வெளியிடுவது அவர்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் 2018இல் பொருள் சேவை வரியை 6 விழுக்காட்டிலிருந்து சுழியமாக்கும் அறிவிப்பு மே 16இல் வந்து, ஜூன் 1இல் நடப்புக்கு வந்தபோது, அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரம்தான். செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. அந்த ஆண்டு மட்டும் நான் யாரையும் திட்டவில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது நம் பெயர் விஷயம். அடையாள அட்டையில் நம்மில் பலருக்குத் தந்தை பெயருக்கு முன் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' (மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கங்கள்) இருக்கிறது. அந்தச் சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. இல்லாத குடும்பப் பெயரையும் கேட்டு அடம்பிடிக்கின்றன. உடனே குழுக்களில் யோசனை குவியும்: கோட்டை எடுத்துவிடுங்கள், அப்பா பெயரைக் கடைசியில் போடுங்கள், ஒரு புள்ளி வையுங்கள். ஆளுக்கொரு வழியில் சமாளித்து, ஒரே மனிதருக்கு வங்கியில் ஒரு பெயர், விமானச் சீட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடுகிறது. படிவத்தைச் செய்தவருக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை; ஆகவே அவரைப் பொறுத்தவரை அப்படியொரு சிக்கலே இல்லை.

எங்கள் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஒரு பதிவுப் படிவத்துக்கு நானே எழுதினேன். தட்டச்சிட்ட பெயர், திரையில் வந்த பிழைச் செய்தி, அடையாள அட்டையில் பெயர் அமையும் முறை எல்லாவற்றையும் இணைத்தேன். அடுத்த பதிப்பில் சாய்கோடு ஏற்கப்பட்டது. குடும்பப் பெயர்க் கட்டம் இன்னும் கட்டாயமாகவே இருக்கிறது; அதற்கும் எழுதியிருக்கிறேன்.