குதிரை லாடத்திலிருந்து குதிகாலுக்கு

நான் பள்ளியில் படிக்கும்போதே எங்கள் பெரியத்தைக்கு ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கணுக்கால் எலும்பில் கட்டி. பகலில் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வார். ராத்திரிதான் கஷ்டம். தூக்கக் கலக்கத்தில் அதை எடுத்து மாட்ட முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பாத்ரூம் போவார், இரண்டு மூன்று தடவை விழுந்தும் இருக்கிறார். அதனால் எலும்புக் கட்டி என்று எதைப் பார்த்தாலும் நான் நின்று படித்துவிடுவேன்.

அப்படிப் படித்ததில் மனதை விட்டுப் போகாதது, 2014இல் ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனையில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை. 71 வயதுக்காரர், குதிகால் எலும்பில் புற்றுநோய். காலை எடுப்பதுதான் வழக்கமான வழி. ஆனால் டாக்டர் பீட்டர் சூங், அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. முந்தைய வருடம் குதிரைக்கு டைட்டானியம் என்ற உலோகத்தில், 3டி பிரிண்டரில் லாடம் பிரிண்ட் செய்ததைப் படித்திருந்தார். லாடம் அடித்தவர்களிடமே போய்க் குதிகால் கேட்டார்! அனாடமிக்ஸ் என்ற மெல்பர்ன் கம்பெனி வடிவமைத்தது, சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. பிரிண்ட் செய்தது.

முழங்கால் மூட்டு என்றால் பல அளவுகளில் தயாராகவே கிடைக்கும். குதிகாலுக்கு அப்படி எதுவும் கிடையாது. உடம்பின் எடையில் பெரும்பகுதி அதில்தான் இறங்குகிறது, கெண்டைக்காலிலிருந்து வரும் தடித்த தசைநாண் அதைத்தான் பிடித்து இழுக்கிறது, மேலே பக்கத்து எலும்போடு மூட்டாகவும் அது அசைய வேண்டும். எனவே பக்கத்து எலும்பு உரசும் இடத்தை வழவழப்பாகவும், சதை பிடிக்க வேண்டிய இடத்தைச் சொரசொரப்பாகவும் செய்து, தசைநாணைத் தைக்கத் துளைகளும் வைத்தார்கள். ஒரே பொருளில் இத்தனையும், அதுவும் டைட்டானியப் பொடியைப் படலம் படலமாக உருக்கி! மூன்று மாதத்தில் அவர் அந்தக் காலில் முழு எடையையும் போட்டு நின்றார்.

இடுப்புக் கிண்ண மூட்டிலும் இதே முறையில் செய்கிறார்கள். பொதுவாக நல்ல பக்கத்தை ஸ்கேன் எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாகத் திருப்பி அளவு பிடிப்பார்கள். கூடவே எலும்பை எங்கே வெட்டுவது என்று காட்டும் அச்சும் பிரிண்டாகி வரும், ஏனென்றால் வெட்டு கொஞ்சம் தள்ளிப்போனாலும் பொருள் உட்காராது.

சரி, எல்லோருக்கும் இது ஆகுமா என்றால், இல்லை. செய்து வர நாளாகும், அதுவரை கட்டி வளராமல் இருக்க வேண்டும். கிருமித் தொற்று வந்தால் வைத்ததையே எடுக்க வேண்டியிருக்கலாம். அத்தைக்குக் கட்டி எலும்போடு நிற்கவில்லை, ரத்தக்குழாயையும் நரம்பையும் சுற்றிவிட்டது என்று அப்பா ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். இன்றைக்கு வந்திருந்தாலும் அவர் காலை எடுத்துத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.