லேசர் கோலத்தை எம்.பி.3 என்ன செய்கிறது?

காரைக்குடிப் பக்கம் சாந்திக் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ லேசரில் கோலம் போட, காட்சியை எட்டு சேனல் ஒலிக்கோப்பாக வைத்து சவுண்ட் கார்டு வழியாக ஓட்டலாம். கார்டிலிருந்து வரும் அலைதான் லேசர்க் கதிரைத் திருப்பும் கண்ணாடிகளை ஆட்டும், நிறங்களை ஏற்றி இறக்கும். முதல் சேனல் இடவலம் (எக்ஸ்), இரண்டாவது மேல்கீழ் (ஒய்), பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்கள், கடைசி இரண்டில் பாட்டு. நல்ல வழிதான். கோப்பு பெரிதாக இருக்கிறதே என்று எம்.பி.3 ஆக்கினால் மட்டும் எல்லாம் போச்சு.

நொடிக்கு 48,000 சாம்பிள் (அலையை அளந்து எழுதிய புள்ளிகள்) என்று வைத்து, கோலத்தை நொடிக்கு 30 தடவை வரைந்தால் ஒரு கோலத்துக்கு 1600 சாம்பிள். எம்.பி.3 அதை 576 சாம்பிள் துண்டுகளாக எடுத்து, காது கண்டுகொள்ளாத அளவுக்குத் தோராயமாக்கி எழுதும். அந்தப் பிழை துண்டு முழுக்கப் பரவும். ஒரு மூலையில் வரும் திடீர்த் தாவல், கோலத்தில் மூன்றில் ஒரு பங்குக் கோட்டை நடுங்க வைக்கும். தாவலுக்கு முன்னாலேயே நடுக்கம் தொடங்கிவிடும். தாவல் வரும்போது துண்டைச் சிறிதாக்கும் ஏற்பாடு உண்டு. எப்போதோ விழும் தாளத்தட்டுக்கு அது போதும், தாவல்மேல் தாவல் வரும் லேசர் படத்துக்குப் போதாது.

128 கேபிபிஎஸ் பிட்ரேட்டில் (நொடிக்கு 128 கிலோபிட்) 16 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் மேல்பகுதியை வெட்டிவிடுவதைத்தான் பலரும் குறை சொல்வார்கள். கண்ணாடியை ஆட்டும் கால்வோவுக்கு அது பெரிய நஷ்டமில்லை. அதுவே சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓடாது. அடி விழுவது நிறச் சேனல்களில். ஒளி தரும் லேசர் டயோடு சட்டென அணையக்கூடியது, ஆனால் வெட்டுப்பட்ட சிக்னல் சறுக்கி இறங்கி, சுழியில் நிற்காமல் அலையும். கோடு முடிந்த இடத்தில் வால் நீளும், இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஓர் இழை ஓடும்.

ஜாயிண்ட் ஸ்டீரியோ இன்னும் மோசம். எக்ஸையும் ஒய்யையும் கூட்டியும் கழித்தும் எழுதுவதால் ஒன்றின் பிழை மற்றதிலும் ஏறும், கோடு மூலைவாக்கில் ஆடும். சில என்கோடர்கள் (எம்.பி.3 ஆக்கும் மென்பொருள்கள்) குறைந்த பிட்ரேட்டில் உயர் அலைவரிசைகளுக்கு இரண்டுக்கும் ஒரே அலையை வைத்துவிடும். வட்டம் என்பதே இரண்டு அலைகளுக்கும் இடையிலுள்ள கால வித்தியாசம்தான். அது போனால் வட்டம் கோடாகிவிடும்.

சோதனைக்கு சிக்குக் கோலம் வேண்டாம். வளைவுகள் இந்தக் குறையை மறைத்துவிடும். நடுவீட்டுக் கோலம் போல நேர்கோடும் மூலையுமாக உள்ளதைப் போட்டுப் பாருங்கள், உடனே தெரியும்.

எம்.பி.3-யில் இரண்டு சேனல்தான் என்பதால் சிலர் எக்ஸ், ஒய்யை மட்டும் எம்.பி.3 ஆக்கி, நிறங்களை வேவ் கோப்பாக வைப்பார்கள். லேம் என்கோடரில் போட்டு விரித்தால், விரிக்கும் மென்பொருள் நீக்காவிட்டால், முன்னால் 1105 சாம்பிள் சேரும், அதாவது 23 மில்லிசெகண்ட். நிறம் வேறு கோட்டில் போய் விழும்.

வேவ் கோப்பாகவே வையுங்கள். 16 பிட், 8 சேனல் என்றால் நிமிடத்துக்கு 46 எம்.பி. இடம் இல்லையென்றால் ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம். அது எட்டு சேனல் தாங்கும், ஒரு பிட்டும் இழக்காது. ஒருமுறை எம்.பி.3 ஆனதைத் திரும்ப வேவ் ஆக்கிப் பயனில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்பவும்.

கோப்பு சரியாக இருந்தும் பச்சை மட்டும் மங்கிக் குழைந்தால் கார்டைப் பாருங்கள். 7.1 எனும் எட்டு சேனல் ஸ்பீக்கர் வரிசையில் நான்காவது சேனல் (இங்கே பச்சை) சப்வூஃபருக்கு உரியது. தாழ்ந்த ஒலியைப் பிரித்து அனுப்பும் பாஸ் மேனேஜ்மெண்ட் ஓடினால் அங்கே தாழ்ந்த அலைகள் மட்டுமே வெளிவரும். அதை நிறுத்துங்கள், லவுட்னஸ் ஈக்வலைசேஷன் போன்ற விண்டோஸ் மேம்பாடுகளையும் அணைத்துவிடுங்கள். நிலையாக எரிய வேண்டிய நிறம் மெல்லத் தேய்ந்தால் காரணம் கார்டின் வெளியீட்டில் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர். அது மாறாத மின்னழுத்தத்தை (டி.சி.) தடுத்துவிடும். டி.சி. கடத்தும் கார்டுதான் வேண்டும்.

படத்தைத் துணித்திரையில் விழ வையுங்கள். செட்டிநாட்டு வீட்டு முட்டைச் சுண்ணாம்புச் சுவர் பளிங்கு போல வழவழப்பானது, கதிரைத் திருப்பி முகப்பில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அடிக்கும். கோப்பு முடியும் இடத்தில் மூன்று நிறமும் சுழியில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கண்ணாடி நின்ற இடத்திலேயே முழுக் கதிரும் ஒரே புள்ளியாக எரியக்கூடும்.