மீட்டர் காட்டிய 75

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலேட்டரைத் திருகினான் பக்கத்து வீட்டுத் தம்பி. பின்சக்கரம் காற்றில் சுற்ற, வேக மீட்டர் 75 கிலோமீட்டர் காட்டியது. 72 வோல்ட் பேட்டரி, சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார், எல்லாம் அவன் கைவேலை.

"அண்ணா, 75 போகும்!"

சுமையில்லாமல் சுற்றும் வேகம் அது. ஆள் ஏறினால் முக்கால் பங்கு, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்.

பேட்டரி 20 ஆம்பியர்-அவர். 72-ஆல் பெருக்கினால் 1440 வாட்-அவர்; பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல் அது. 25 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போனால் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்-அவர் போதும்; நூறு கிலோமீட்டரைத் தாண்டலாம். வேகம் ஐம்பதானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அப்போது ஐம்பது கிலோமீட்டர் வந்தாலே பெரிய விஷயம்.

வோல்ட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இவன் வண்டியில் இன்னும் பழைய பிரேக் கட்டைதான்!

அப்புறம், 250 வாட்டையோ 25 கிலோமீட்டர் வேகத்தையோ தாண்டினால் நம் சட்டப்படி அது சைக்கிளே இல்லை. பதிவும் லைசென்ஸும் வேண்டும்.